ஏரியில் பழகிய கைக்கு ஆற்றுத் தூண்டில்: முழுமையான வழிகாட்டி

ஏரியில் பல வருடம் தூண்டில் போட்டவர்கள் ஆற்றங்கரைக்கு வந்ததும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். வசதியான கரையாகப் பார்த்து உட்காருவார்கள், முடிந்த தூரம் வீசுவார்கள், காத்திருப்பார்கள். ஈயம் உருண்டு வந்து கரையோரக் கல்லில் மாட்டும். இன்னும் கனமான ஈயம் போடுவார்கள், அதுவும் மாட்டும். மதியத்துக்குள் கொண்டுவந்த ஈயத்தில் பாதி காலி.

இவர்களுடைய வீச்சிலோ முடிச்சிலோ குறை இருக்காது. மீனைத் தேடும் முறைதான் ஆற்றுக்குப் பொருந்தவில்லை. ஆழமான ஏரியில் வெயில் காலத்தில் தண்ணீர் மேலே சூடு, கீழே குளிர் என்று அடுக்காகப் பிரியும், அடியில் ஆக்சிஜன் குறையும். அதனால் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தேடுகிறோம். ஓடும் ஆற்றில் தண்ணீர் கலந்துகொண்டே இருப்பதால் அந்த அடுக்குகள் பெரும்பாலும் உண்டாவதில்லை. அங்கே மீன் நிற்கும் இடத்தை வேகம்தான் முடிவு செய்கிறது. ஓட்டத்தை எதிர்த்து நிற்க உடல் பலம் செலவாகும், ஆனால் அதே ஓட்டம்தான் இரையைக் கொண்டுவருகிறது. ஆகவே மீன் மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்தில் வேகமாக ஓடும் தண்ணீரைக் கவனிக்கும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து பிறந்தவைதான்.

1. கிளம்புவதற்கு முன்: ஆற்றின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏரியின் மட்டம் வாரக்கணக்கில் மாறும். ஆறு சில மணி நேரத்தில் மாறும், மேலே அணை இருந்தால் சில நிமிடங்களிலேயே மாறும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது, மழை மலையில் பெய்திருக்கலாம். எனவே மேல்பகுதியில் மழை உண்டா, அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்களா என்ற இரண்டையும் முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். அந்தப் பகுதியில் மீன்பிடிக்க அனுமதி வேண்டுமா, இனப்பெருக்கக் காலத் தடை இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

புதியவர்களுக்கு ஏற்ற நாள், மட்டம் நிலையாக இருக்கும் நாள். அதைவிட நல்லது, வெள்ளம் வந்து போய் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கலங்கல் தெளியத் தொடங்கும் நேரம். மீன் இரை தேடக் கிளம்பியிருக்கும், ஓரளவு கலங்கிய தண்ணீரில் பயமும் குறைவு. மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் குப்பையும் கிளைகளும் மிதந்து வந்து தூண்டில் நரம்பில் சுற்றும், கரையும் ஆபத்தாகும். அன்று போகாதீர்கள்.

2. பையில் எதை மாற்ற வேண்டும்

கீழே சொல்லும் ஈயங்களின் கனத்தைத் தாங்குமானால், ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) பழையதே போதும். மாற்ற வேண்டியவை ஈயம், நரம்பு, தக்கை. தக்கையைப் பற்றி 7-ஆவது படியில் வருகிறது.

ஈயம்: உருண்டையும் முட்டை வடிவமும் ஓட்டத்தில் உருளும். தட்டையான ஈயம் படுகையோடு ஒட்டிக் கிடக்கும். மணல் தரைக்குக் கூம்பு வடிவம், அல்லது கம்பிக் கால்கள் உள்ள ஈயம் பிடித்து நிற்கும். ஏரியில் 15 கிராமில் வேலை முடிந்திருக்கும். இங்கே 30, 60, 90 கிராம் என்று மூன்று அளவிலும் சில எடுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு: ஓட்டம் தள்ளுவது ஈயத்தை மட்டும் இல்லை, தண்ணீருக்குள் இருக்கும் நரம்பு முழுவதையும் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நரம்பின் தடிமன் கூடினாலும் விசை கூடும். அதனால் மெல்லிய பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னியது) ஆற்றில் உதவும். ஒரே பலத்துக்கு மோனோவைவிட (ஒற்றை இழை நரம்பு) அது நன்றாக மெலிந்திருக்கும். ஆனால் பிரெய்டு கல்லில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். எனவே முள் பக்கம் இரண்டு மூன்று மீட்டருக்குத் தடித்த மோனோவைக் கட்டுங்கள். சிலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். முதல் பெரிய மீனே கற்றுக்கொடுத்துவிடும்.

இவை தவிர, போலரைஸ்டு கண்ணாடி அவசியம். தண்ணீர் மேல் பளபளப்பை அது வெட்டுவதால் கல், மேடு, சில நேரம் மீனே கண்ணுக்குத் தெரியும். நீளமான பிடியுள்ள கைவலையும் வேண்டும்.

3. ராடை எடுக்காமல் ஆற்றைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முடிந்தால் தண்ணீர் மட்டம் குறைவாக இருக்கும் ஒரு நாளில், தூண்டிலே இல்லாமல் போய்க் கரையோரமாக நடந்து பாருங்கள். வெள்ளத்தில் மறையும் பாறை, பள்ளம், விழுந்த மரம் எல்லாம் அன்று வெளியே தெரியும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் படங்களே உங்கள் வரைபடம்.

வளைவில் இருந்து தொடங்கலாம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் ஓட்டம் கரையை அரித்து ஆழமாக்கும். கரைக்கு அடியில் குடைந்தும் இருக்கும். உள்பக்கம் மெதுவாக ஓடுவதால் மணல் படிந்து மேடாகும். வெளிப்பக்கத்துக் குடைவில் பெரிய மீன் பகலில் ஒதுங்கும். உள்பக்க மேட்டின் ஓரம், அதாவது மேடு பள்ளத்துக்குள் சரியும் வரிசை, மாலையில் இரை தேடும் இடம். நீங்கள் உள்பக்க மணலில் நின்றுகொண்டு வெளிப்பக்கத்துக்கு வீசலாம்.

அடுத்தது தண்ணீரின் மேற்பரப்பு. ஓரிடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் மேலெழுந்தால், அதற்குச் சற்று மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் திசையில், அடியில் பாறை இருக்கிறது. பாறை இருப்பது கொதிப்புக்கு நேர் கீழே என்று நினைத்து வீசினால் இரை தாண்டிப் போய்விடும். அம்பு முனை மாதிரி ஒரு கோலம் ஓட்டத்தின் மேல்பக்கம் பார்த்துக் கூராக இருந்தால் அந்தக் கூரில் ஒரு தடை இருக்கிறது. கூர் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகும் திசை, பார்த்தால் இரண்டு தடைகளுக்கு நடுவே தடையில்லாத வாய்க்கால் ஓடுகிறது.

பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாறைக்கு முன்னாலும் நிற்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டம் பாறையில் மோதித் திரும்பும்போது முன்பக்கம் ஒரு சிறு மெதுவான பகுதி உண்டாகிறது. இரை முதலில் வந்து சேருவதும் அங்கேதான்.

இப்போது நுரையைக் கவனியுங்கள். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் இடத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாகச் சேர்ந்து போகும். என்னைக் கேட்டால், ஒரு ஆற்றில் ஒரே ஒரு வீச்சுதான் அனுமதி என்றால் அந்தக் கோட்டில்தான் போடுவேன். பாலத் தூணுக்குக் கீழே, கிளையாறு வந்து சேரும் இடத்தில், கரையிலிருந்து பாறை நீண்டிருக்கும் இடத்தில் எல்லாம் இந்தக் கோட்டைத் தேடுங்கள்.

சுழி இருக்கும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே தண்ணீர் ஆற்றுக்கு எதிர்த் திசையில் திரும்பி ஓடும். மீன் ஆற்றின் திசையைப் பார்ப்பதில்லை, தன் மேல் வந்து படும் ஓட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும். எனவே சுழியின் கரையோரப் பாதியில் மீன் ஆற்றின் கீழ்ப்பக்கம் பார்த்து நிற்கும். உங்கள் இரையும் அந்தத் திசையிலிருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக வெப்பம். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும்: 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் வரை, 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. கடும் வெயிலில் மீன்கள், தண்ணீர் கல்லில் மோதிச் சலசலக்கும் மேட்டுப் பகுதிக்குக் கீழே வந்து கூடுவது இதனால்தான். குளிர் காலத்தில் ஆழமான, மெதுவான மடுக்களைத் தேடுங்கள்.

4. வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

கரையில் 10 மீட்டர் தூரத்தை அடையாளம் வைத்து, மேல்பக்கம் ஒரு சுள்ளியைப் போட்டு, கடக்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். புதியவருக்கு அது மிக வேகம். 30 முதல் 50 விநாடி ஆகும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

இது மேற்பரப்பு வேகம். படுகையிலும் கரையிலும் உராய்வு இருப்பதால் அங்கே ஓட்டம் குறைவு. மேலே பார்த்து "இவ்வளவு வேகத்தில் எந்த மீன் நிற்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அடியில், ஒரு கல் மறைவில், அது சுகமாக இருக்கலாம்.

5. எங்கே நிற்பது

பெரும்பாலான மீன்கள் மேல்பக்கம் பார்த்து நிற்பதால், கீழ்ப்பக்கத்திலிருந்து நெருங்குங்கள். கரையில் தடதடவென்று நடந்தால் அதிர்வு தண்ணீருக்குள் போகும். நிழல் விழாத பக்கமாகப் போவதும் நல்லது.

முதல் வீச்சு உங்கள் காலடியில் இருக்கட்டும். ஏரிக்காரர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அங்கே தூரமே திறமை. ஆற்றில் கரையோரம்தான் ஓட்டம் குறைவு. அதுவும் தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் மீன் கரைப் புல்லை ஒட்டியே நிற்கும். நடு ஆற்றுக்கு வீசி இழுக்கும் நரம்பு அந்த மீனை விரட்டிவிடும். கரையோரம் முடித்த பிறகு படிப்படியாகத் தூரம் போங்கள்.

தண்ணீரில் இறங்குவதை முதல் சில முறை தவிர்த்துவிடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உயிர்க்கவச உடை போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு மேல் போகாமல், ஓட்டத்துக்குப் பக்கவாட்டாக நின்று, கையில் ஒரு தடியுடன் காலைத் தூக்காமல் நகர்த்தி நகர்த்தி நடங்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் உடலை மடக்கித் தண்ணீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து, பாதங்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி மிதந்தபடி, கரை நோக்கிக் கைகளால் துழாவி வாருங்கள்.

தடுப்பணைக்குக் கீழே நுரைத்துத் திரும்பச் சுழலும் தண்ணீர் அழகாகத்தான் இருக்கும், மீனும் இருக்கும். அது விழுந்தவரை வெளியே விடாது. அந்தப் பக்கமே போகாதீர்கள். அதேபோல் திடீரென்று தண்ணீர் கலங்கினாலும், சருகுகள் கூட்டமாக வந்தாலும், கரைக் கல் நனைந்தாலும், சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

6. ஈயம் போட்டு அடியில் பிடிப்பது

முதல் நாள் இந்த முறையிலேயே தொடங்குங்கள். ஓட்டத்தைக் கைக்கு உணர்த்துவதில் இதுதான் நேரடி.

5-ஆவது படியில் சொன்னதற்கு மாறாக, இங்கே குறி வைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேல்பக்கம் நில்லுங்கள். 30 கிராமில் ஆரம்பித்து, குறுக்காகவும் சற்றுக் கீழ்ப்பக்கமாகவும் வீசுங்கள். ஈயம் அடியைத் தொட்டதும் நரம்பை இறுக்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக விட்டுவிடுங்கள். நரம்பு வில்போல் வளையும். ஏரியில் இது சோம்பேறித்தனம், இங்கே இதுதான் நுட்பம்: இறுக்கமான நரம்பை ஓட்டம் தள்ளும்போது ஈயம் மேலே தூக்கப்படும், வளைவு இருந்தால் இழுப்பு கீழ்ப்பக்கமிருந்து, தரையோடு தரையாக வரும், ஈயம் நிற்கும். ராடின் நுனியை உயர்த்தி வையுங்கள், தண்ணீரில் கிடக்கும் நரம்பின் நீளம் குறையும்.

அப்படியும் ஈயம் நகர்ந்தால் அடுத்த அளவுக்கு மாறுங்கள். நோக்கம், ஈயம் அரைகுறையாகப் பிடித்து நிற்பது. அசையவே அசையாத கனத்தைப் போட்டால் மீன் தொட்டது தெரியாது. இரையும் ஒரே இடத்தில் கிடக்கும்.

ஈயத்தை முக்கிய நரம்பில் நேராகக் கட்டாமல், அதைவிட மெல்லிய ஒரு துண்டு நரம்பில் தொங்கவிடுங்கள். கல்லில் மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து முள்ளும் மீனும் திரும்பி வரும். மாட்டிய ஈயத்தை நின்ற இடத்திலிருந்தே இழுக்காதீர்கள். ஓட்டம்தான் அதைக் கல்லுக்கடியில் தள்ளியிருக்கும், ஆகவே மேல்பக்கம் நடந்துபோய் எதிர்த்திசையில் இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். அறுக்கத்தான் வேண்டும் என்றால் ராடை வளைக்காமல், நரம்பு போகும் திசையிலேயே நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள்.

இனி கொத்து. ஏரியில் ராடின் நுனி இழுபடுவதை மட்டும் பார்த்துப் பழகியிருப்போம். ஆற்றில் நல்ல கொத்துகளில் பல இதற்கு நேரெதிராக வரும். மீன் இரையை எடுத்ததும் ஈயம் பெயர்ந்து ஓட்டத்தோடு நகரும். வளைந்திருந்த நுனி சட்டென்று நிமிரும், நரம்பு தொய்யும். புதியவர் ஈயம் நகர்ந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். நுனி நிமிர்ந்தால், வேகமாக ரீலைச் சுற்றித் தொய்வை எடுத்து, கனம் தெரிந்ததும் சுண்டுங்கள். தொய்வோடு சுண்டினால் முள் ஏறாது.

7. தக்கை

ஏரித் தக்கையை அடிமுனையில் மட்டும் கட்டி, காற்று அடிக்காமல் இருக்க நரம்பை மூழ்கவைப்போம். ஆற்றில் அப்படியே தலைகீழ். தக்கையின் மேலும் கீழும் இரண்டு இடத்தில் நரம்பைப் பிடிக்க வைத்து, ராடுக்கும் தக்கைக்கும் நடுவே உள்ள நரம்பைத் தண்ணீர் படாமல் தூக்கியே வைத்திருக்க வேண்டும். நரம்பு தண்ணீரில் படிந்தால் பாய்மரம் மாதிரி ஓட்டத்தைப் பிடித்து, தக்கையைக் கரைப் பக்கம் இழுத்துவிடும். இழுபடும் இரையை மீன் சந்தேகத்தோடு ஒதுக்கும். நரம்பு வளைந்துவிட்டால் ராடு நுனியால் அதைத் தூக்கி மேல்பக்கம் புரட்டிப் போடுங்கள், தக்கை அசையக் கூடாது.

ஆழம் கண்டுபிடிக்கத் தனி ஈயம் தேவையில்லை. தக்கையை விட்டு ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கை அகலம் ஆழத்தைக் கூட்டுங்கள். தக்கை அடிக்கடி அடியில் தட்டி மூழ்கினால் சற்றுக் குறையுங்கள். சிறு ஈயமணிகளை வேகமான தண்ணீரில் முள்ளுக்கு அருகே மொத்தமாகவும், மெதுவான தண்ணீரில் பரவலாகவும் வையுங்கள். அவ்வப்போது தக்கையை மெல்லப் பிடித்து நிறுத்தினால் இரை முன்னே மிதந்து எழும்பும். அந்த நொடியில் கொத்து வருவது சகஜம்.

8. இரை தூவுவது

தக்கைக்கு நேரே தூவுவது ஏரிப் பழக்கம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆழம் 2 மீட்டர், தூவிய இரை விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வீதம் அமிழ்கிறது, ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால், அடியைத் தொட 10 விநாடி, அதற்குள் 5 மீட்டர் கீழே போயிருக்கும். நீங்கள் நேரே தூவிய தீனி கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மீன் சேர்த்துக் கொடுக்கும். அந்த 5 மீட்டர் மேல்பக்கம் தூவுங்கள். அல்லது ஈரமண்ணோடு பிசைந்து கனமான உருண்டையாகப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் தூவ வேண்டும். ஒரே முறை கொட்டினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

9. லூர் (செயற்கை இரை) போடுபவர்களுக்கு

மேல்பக்கம் வீசினால் ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் லூர் உயிரில்லாமல் உருளும். குறுக்கே வீசினால் அதிகம் சுற்ற வேண்டாம், ஓட்டமே வளைவாக இழுத்துக்கொண்டு வரும். வளைவு முடிந்து லூர் கீழ்ப்பக்கம் நேராக வந்ததும் உடனே எடுத்துவிடாமல் சில விநாடி அங்கேயே நிறுத்துங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அங்கேதான் அடிக்கும்.

10. எப்போது இடம் மாறுவது

ஏரியில் மீன் உங்களிடம் சுற்றி வரும் என்று காத்திருக்கலாம். ஆற்று மீன் தன் இடத்தில் நிற்பது அதிகம், அதைத் தேடி நீங்கள் போக வேண்டும். ஒரு இடத்தை 20 நிமிடம் சரியாகப் பிடித்தும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இடம். ஆனால் தீனி தூவிய இடம் இதற்கு விதிவிலக்கு: வாசனை கீழ்ப்பக்கம் போய் மீனைக் கூட்டிவர நேரம் எடுக்கும், கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

11. மாட்டிய மீனைக் கரை சேர்ப்பது

மீன் கீழ்ப்பக்கம் ஓடினால் அதன் பலத்தோடு ஓட்டத்தின் பலமும் சேரும். நின்ற இடத்திலிருந்து எதிரோட்டத்தில் இழுத்தால் முள் உதடு கிழித்து வரும், அல்லது நரம்பு அறும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) ஏரியில் வைப்பதைவிடக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். கரையில் தடையில்லாவிட்டால் நீங்களும் கீழ்ப்பக்கம் நடந்து மீனுக்கு நேராகவோ அதற்குக் கீழேயோ வந்துவிடுங்கள். அப்போது மீன் உங்களோடும் ஓட்டத்தோடும் சேர்த்துப் போராட வேண்டியிருக்கும். ராடைத் தலைக்கு மேல் தூக்காமல் கரைப் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் மீன் வேகமான தண்ணீரிலிருந்து மெதுவான தண்ணீருக்கு வரும்.

கைவலையை மீனுக்குக் கீழ்ப்பக்கம் அசையாமல் பிடித்து, மீனை ஓட்டத்தோடு அதற்குள் வரவிடுங்கள். மேல்பக்கமிருந்து துரத்தினால் ஓட்டம் வலையை நரம்பில் சுற்றும். திரும்ப விடுவதாக இருந்தால் மிதமான ஓட்டத்தில் தலையை மேல்பக்கம் வைத்துத் தாங்கிப் பிடியுங்கள், செவுளுக்குள் தண்ணீர் போய் மீன் தெளிந்து தானே விலகும். வேகமான தண்ணீரில் விட்டால் புரண்டு போய்விடும்.

மீன் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த வீச்சுக்கு முன் முள்ளுக்கு மேல் ஒரு முழம் நரம்பை விரல் நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.